ஈயச்சொம்பும் ஈயக்குண்டும் ஒன்றல்ல

கேள்வி நீளமாக இருந்ததால் மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். கேட்டவர் தங்கச்சிமடம் பக்கம் ஒரு மீனவக் குடும்பத்து மருமகள். மாமனார் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஈயம் உருக்கி, தன் வலைக்கும் அக்கம்பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களுக்கும் வலையை நீரில் அமிழ்த்தும் குண்டு வார்க்கிறார். பேரனுக்கு இரண்டரை வயது. தாத்தாவின் மடியை விட்டு இறங்குவதில்லை. ஈயம் குழந்தைக்கு நஞ்சு என்று எங்கோ படித்துவிட்டு இவர் பேச்செடுத்திருக்கிறார். அதற்கு மாமனார் சொன்ன பதில்: “உங்கள் அம்மா ஈயச்சொம்பில்தானே ரசம் வைக்கிறார்? அதில் ஒன்றும் ஆகாதது இதில் ஆகிவிடுமா? நாற்பது வருடமாக வார்க்கிறேன், எனக்கு என்ன ஆயிற்று?”

இரண்டும் நல்ல கேள்விகள். மாமனாரைக் குறை சொல்லாதீர்கள். தவறு அவரிடம் இல்லை, நம் சொல்லில் இருக்கிறது.

தமிழில் ஈயம் என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசச் சொம்புக்கும் பித்தளைப் பாத்திரத்தின் உள்பூச்சுக்கும் உரியது வெள்ளீயம். வலைக்குண்டும் பேட்டரித் தட்டும் காரீயம். வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். காரீயம் எடையில் வெள்ளீயத்தைப் போல ஒன்றரை மடங்கு. இரண்டும் வேறு வேறு தனிமங்கள். இரும்புக்கும் செம்புக்கும் எவ்வளவு தொடர்போ அவ்வளவுதான் இவற்றுக்கும். “பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவருக்கு எல்லாம் ஒரே சாக்குதான். வீட்டில் நாமும் அதே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். வெள்ளீயத்தால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. காரீயத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்ற பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

மாமனாரிடம் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈயச்சொம்பும் எப்போதும் நிரபராதி அல்ல. வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. கலப்படம் செய்ய நினைப்பவருக்கு இதைவிட வசதி வேண்டாம். புளிக்கரைசல் கொதிக்கும்போது காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும். கண்ணால் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது. நம்பகமான இடத்தில் வாங்கியது என்ற உறுதி இல்லாவிட்டால் குழந்தைக்கான ரசத்தை எவர்சில்வரில் வைத்துவிடுங்கள். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்துக்கும் இதே நியாயம்தான்.

இனி, நாற்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பது. வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல நான்கு ஐந்து மடங்கு வரை சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும். சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து குடல் அதை உள்ளே விடுகிறது, எலும்பு அதைச் சேர்த்து வைக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு அது செய்யும் சேதம் திரும்ப ஆறுவதில்லை. மாமனாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நாம் சொல்ல முடியாது. பெரியவர்களிடம் காரீயம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு போனால் கெடுதல் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அமெரிக்காவில் அதே ஆண்டு அந்த எல்லையை 3.5-க்கு இறக்கினார்கள். மைக்ரோகிராம் என்றால் கைக்குப் பிடிபடாது, ஆகவே கணக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ரத்தம் இருக்கும். அந்த ரத்தம் முழுவதிலும் சேர்த்து ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் காரீயம் ஓடினால் 5 என்ற எல்லை தொட்டாகிவிட்டது. கடையில் விற்கும் தூளுப்பில் ஒரே ஒரு பரலை எடுத்து வைத்துப் பாருங்கள். அதன் எடைகூட இருக்காது.

எனவே குண்டைவிட அதிகம் பயப்பட வேண்டியது தூசிக்கு. முழுக் குண்டு தரையில் கிடந்தால் கண்ணில் படும், எடுத்து வைத்துவிடலாம். தூசி கண்ணில் படாது.

நான் தொண்டிக்குத் தெற்கே ஒரு கரையூரில் பிறந்தவன். பிறகு முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். என் தகப்பனாரும் ஈயம் காய்ச்சினார். அம்மா கழித்துக்கட்டிய இரும்புச் சட்டி, மூன்று கல், பனைமட்டை விறகு. சட்டியில் துண்டுகள் முதலில் ஓரம் மழுங்கும், பிறகு திடீரென்று சரிந்து கண்ணாடிபோல் பளபளக்கும். கொஞ்ச நேரத்தில் பாலில் ஆடை படர்வதுபோல் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படரும். அப்பா அதைக் கரண்டியால் ஒதுக்கித் தட்டுவார். அது பொடியாக உதிரும், காற்றடித்தால் பறக்கும். நாங்கள் பிள்ளைகள் சுற்றிலும் குந்தியிருப்போம். வார்த்த குண்டு ஆறியதும் எடுத்துச் சுவரில் கோடு போடுவோம், பென்சில்போல எழுதும். (பென்சிலில் இருப்பது காரீயம் அல்ல, கிராஃபைட். அதைக் கடித்தால் காரீயம் உடம்பில் ஏறும் என்று பயப்பட வேண்டாம்.) அப்புறம் அதே கையோடு கருவாட்டுக் குழம்புச் சோற்றில் உட்காருவோம். அந்தச் சாம்பல் நிறப் பொடிதான் காரீய ஆக்சைடு. ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பிற்காலத்தில் வகுப்பில் கரும்பலகையில் அதன் வாய்பாட்டை எழுதும்போதுகூட, அப்பாவின் சட்டியில் ஒதுங்கியது இதுதான் என்று எனக்கே சில வருடங்கள் உறைக்கவில்லை.

காலத்தையும் கவனியுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதும், வலை கட்டுவதும், ஈயம் வார்ப்பதும் அப்போதுதான். பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். வருடத்தில் தூசி அதிகம் எழும் இரண்டு மாதமும், பிள்ளைகள் முழுநாளும் வீட்டிலும் கரையிலும் கிடக்கும் இரண்டு மாதமும் ஒன்றாக வந்து விழுகின்றன. கச்சான் காற்று எடுத்துவிட்டால் கொல்லைப்புறத்துப் பொடி அடுப்படிக்கு வர எவ்வளவு நேரமாகும்?

இதில் எல்லாவற்றையும்விட மோசமானது பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது. படகில் கழித்த பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எதுவானாலும் சரி. உள்ளே இருக்கும் ஈயத்தில் பெரும்பகுதி பசையும் பொடியும்தான், குண்டாக உருகும் உலோகம் அதைவிடக் குறைவு. செனகல் நாட்டில் தியாரோய் சூர் மேர் என்று ஒரு கடலோரக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரித்தெடுத்த மண்ணை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். அதுவும் நம்மைப் போன்ற கரைதான். கழித்த பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். திருப்பி வாங்கி முறைப்படி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு தயாரிப்பவர்கள் தலையில் இருக்கிறது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் அதைத்தான் சொல்கின்றன.

சரி, வீட்டில் என்ன செய்வது? முதல் வழி, வார்ப்பதையே நிறுத்துவது. வார்த்த குண்டு கடையில் கிடைக்கிறது. கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகும்தான், ஆனால் உருக்குவது, கசடு ஒதுக்குவது, ராவுவது என்று கெடுதலின் பெரும்பகுதி வீட்டைவிட்டுப் போய்விடும். மாமனார் இதில் நாலு காசு பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நிறுத்தச் சொல்வது எளிதல்ல, எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் இடத்தை மாற்றட்டும். குடியிருப்பு, கிணறு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தள்ளி, காற்று வீட்டை நோக்கி அடிக்காத திசையில், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வராத இடத்தில் நடக்கட்டும். தாயின் எலும்பில் பல வருடமாகத் தங்கியிருந்த காரீயம்கூடக் கர்ப்ப காலத்தில் கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். அதன்மேல் புதிதாக வேறு சேர்க்க வேண்டாம். ஈரமான ஈயத்துண்டை உருகிய சட்டியில் போடக்கூடாது என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெடித்துத் தெறித்த தழும்பு நம் கரையில் பலர் கையில் இருக்கிறது. அந்தச் சட்டியும் கரண்டியும் அச்சும் அங்கேயே இருக்கட்டும்.

அதற்கென்று ஒரு கைலி, ஒரு சட்டை. வேலை முடிந்ததும் வெளியிலேயே அவிழ்த்து, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பேரன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தாத்தாவின் கைலியில் முகத்தைப் புதைக்காத குழந்தை உண்டா? அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள்.

இதுவரை உருக்கிய இடத்தை என்ன செய்வது என்றால், கூட்டாதீர்கள். விளக்குமாறு போட்டால் கீழே கிடப்பது மூக்குக்கு வரும். மண்தரையாக இருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, மேலே சிமெண்டுத் தளம் போட்டு மூடிவிடுவது எல்லாவற்றிலும் எளிது. வீட்டுக்குள் தரை, ஜன்னல் விளிம்பு, படி எல்லாவற்றையும் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் ஓர் அறையின் தூசியை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ப் பூசுகிறீர்கள். துடைத்த துணியை எரிக்காதீர்கள். எரித்தாலும் கொதிக்கவைத்தாலும் காரீயம் அழியாது.

அடுத்தது வலை. நம் வீடுகளில் வலைக் குவியல் நடுக்கூடத்தில் கிடக்கும், குழந்தை அதன்மேல் ஏறித் தூங்கும். ஈயம் கட்டிய ஓரத்தைத் தடவிய கையை விரித்துப் பாருங்கள், ரேகையெல்லாம் சாம்பல் நிறத்தில் தெரியும். அந்தக் கை அடுத்து எங்கே போகும்? ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான். ஈயம் கட்டிய வலையைக் குழந்தை நடமாடாத இடத்தில் உயரத்தில் தொங்கவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பெரியவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீச்சு வலையின் ஈய ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு வீசுவார்கள், தூண்டில் நரம்பில் ஈயத்தைப் பல்லால் கடித்து நசுக்குவார்கள். பையன்கள் அதைப் பார்த்துத்தான் ஆண்பிள்ளைத்தனம் கற்கிறார்கள். குறடு பத்து ரூபாய்க்கா கிடைக்காது என்று நான் பலரிடம் சண்டை போட்டிருக்கிறேன், ஜெயித்தது குறைவு.

குண்டை விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தால் ‘தானாக வெளியே வந்துவிடும்’ என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். வயிற்று அமிலம் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். 2006-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 4 வயதுச் சிறுவன் காரீயத்தால் செய்த சிறு பதக்கத்தை விழுங்கியதால் இறந்துபோனான். உடனே மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். “வலையில் கட்டும் ஈயம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காசை விழுங்கியதும் இதுவும் ஒன்றல்ல.

பெயிண்ட் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு பழக்கம் உண்டு, அது சட்டத்தின் கண்ணில் படாது. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-இல் இந்தியாவில் விதி வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கும் வந்தது. ஆனால் அந்த விதி வீட்டு உபயோகப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான், தொழிற்சாலைப் பெயிண்டுகளுக்கு அல்ல. நாம் என்ன செய்கிறோம்? படகுக்கு வாங்கியதில் மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று கேட்டுக்கும் ஜன்னலுக்கும் குழந்தையின் நடைவண்டிக்கும் அடித்துவிடுகிறோம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஆகிய அழுத்தமான நிறங்களில்தான் காரீய நிறமிகள் அதிகம். உப்புக்காற்றில் எந்தப் பெயிண்டும் இரண்டு மழைக்குள் பொறுக்கு விடும், குழந்தை அதை உரித்து விளையாடும். படகுப் பெயிண்ட் படகோடு நிற்கட்டும். பழைய பெயிண்டைச் சுரண்டுவதானால் நனைத்துச் சுரண்டுங்கள், கீழே தார்ப்பாய் விரித்து உதிர்ந்ததை அள்ளுங்கள். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பதும் நெருப்பு காட்டி உரிப்பதும் கூடாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தவர்கள் கேட்பதால் கண்ணுக்கு இடும் சுருமா பற்றி: அஞ்சனக்கல் என்று விற்பவற்றில் பல உண்மையில் காரீய சல்ஃபைடு. எந்தப் புனித ஊரிலிருந்து வந்தாலும் குழந்தைக் கண்ணுக்கு வேண்டாம். விளக்குக் கரியில் வீட்டில் செய்த மையில் காரீயம் கிடையாது. ஆனாலும் அதைக் கண்ணுக்குள் இடாமல் கன்னத்தில் பொட்டாக வையுங்கள், திருஷ்டிக்கு அது போதும். மஞ்சள்தூளில் நிறத்துக்காகக் காரீய குரோமேட் கலப்பார்கள். வங்கதேசத்தில் 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. கடுமையாகப் பிடித்ததும் 2021-இல் ஒன்றில்கூட இல்லை. கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக உதிரியாக விற்கும் தூளை விட்டுவிட்டு, மெருகேற்றாத விரலி வாங்கி மில்லில் அரையுங்கள். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியச் சட்டியில் புளி ஊற்றிக் குழம்பு வைக்காதீர்கள். நம் மண்சட்டி, பூச்சு இல்லாததாக இருந்தால், அதைவிட எவ்வளவோ மேல். தாயத்துக்குள் சுருட்டிய தகடு காரீயமாக இருக்கலாம். குழந்தை சப்பும் உயரத்தில் கட்டாதீர்கள். மிருதார்சிங்கி என்று நாட்டுமருந்துக் கடையில் கிடைப்பது நேரடியாகக் காரீய ஆக்சைடே. கைவைத்தியமாகக் குழந்தைக்குக் கொடுப்பதற்கில்லை.

பையனுக்கு இப்போது என்ன பரிசோதனை என்று கேட்டீர்கள். ஆள் நன்றாக இருக்கிறானே என்று பார்த்து முடிவு செய்ய முடியாது, குறைந்த அளவில் வெளியே எதுவும் தெரியாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, காரணமில்லாத சிடுசிடுப்பு எல்லாம் அளவு ஏறியபின் வருபவை. வலிப்பு வந்தால் அது உயிராபத்து. ரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டும் என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம். நரம்பிலிருந்து எடுத்த ரத்தமாக இருக்கட்டும். விரலில் குத்தி எடுத்தால் விரலில் ஒட்டிய தூசியே கணக்கில் சேர்ந்துவிடும். 5-க்கு மேல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்திவிட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுங்கள். வருவது நின்றால் ரத்தத்தில் இருப்பது பாதியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் இருப்பது வருடக்கணக்கில் கசியும். 45-ஐத் தொட்டால்தான் காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து, அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். நஞ்சை முறிக்கும் பொடி, லேகியம் என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

சாப்பாடு உதவும், ஆனால் அது தடுப்பு மட்டும்தான், மருந்தல்ல. வெறும் வயிற்றில் காரீயம் அதிகம் உள்ளே போகும், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடலில் இன்னும் அதிகம். ஆகவே பையனைக் காலையில் பட்டினியாக விளையாட விடாதீர்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, ஒரு துண்டு நெல்லிக்காய். முள்ளோடு நசுங்க வெந்த நெத்திலியும் சூடையும் நம் வீட்டில் இல்லாத நாள் ஏது, அதையே பிசைந்து ஊட்டுங்கள். ஹீமோகுளோபினையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மாமனாரிடம் நீங்கள் நேரடியாகப் பேசினால் மருமகள் தொழிலில் தலையிடுகிறாள் என்று ஆகும். அவருக்கும் சேர்த்து ரத்தம் எடுக்க அழைத்துப் போங்கள். பேரனுக்குத் துணையாக வாருங்கள் மாமா என்றால் வருவார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எண்ணை அவரே படிக்கட்டும். ஜூன் 15 படகு கடலுக்குப் போவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். அதன்பிறகு அவர் கரையில் தங்கும் நாள் குறைவு.